நல்லதொரு சைக்கிள் கடை



மதுரை மாநகரைத் தூங்கா நகரம் என்று வழங்குவது வெறும் புகழுரையன்று. பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் இந்நகரில் சிறந்திருந்ததை மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. வாங்குவோர் எந்நேரத்தில் வருகின்றாரோ அந்நேரத்தில் கடை அவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்னும் வணிக அறிவு இந்த ஊருக்கு மிகப் பழையது. அத்தகைய ஊரில் வாழ்கின்ற நான், கடைகளுள் எல்லாம் எளிய கடையான சைக்கிள் கடையைப் பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன தலைமையாசிரியருக்குச் சைக்கிள் கடையில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக என் பணிக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறிவிடுகிறேன்.

2009ஆம் ஆண்டு. அப்போது மேலூர் வட்டத்தில், பெரியாற்றுக் கால்வாய் பாயும் பகுதியில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் பொறுப்பேற்றிருந்தேன். தமிழ்நாட்டு அரசு 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவுபடுத்திய இலவச சைக்கிள் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்திருந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் புதுச் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்து இறங்கும் காட்சியைக் காண்பதே ஒரு மகிழ்ச்சி.

ஆனால் ஆறேழு மாதங்கள் கழித்து ஒரு நாள் காலையில் சைக்கிள் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தபோது என் மகிழ்ச்சி குறைந்துவிட்டது. பதினேழு சைக்கிள்கள் சுவரோரம் சாய்ந்து, டயர்கள் தரையோடு அமுங்கி, பூட்டில் துருவேறிக் கிடந்தன. அவற்றுள் பதினான்கு மாணவியருடையவை. வரும் வழியில் பஞ்சரானதைப் பள்ளி வரை தள்ளிக்கொண்டு வந்து, மாலையில் நடந்தே வீடு திரும்பியவர்கள் அவர்கள். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நான்கு கல் தொலைவிலிருந்து வரும் அப்பிள்ளைகளின் பெயருக்கு எதிரே வாரத்திற்கு ஒன்று, இரண்டு என்று விடுப்புக் குறிகள் பெருகியிருந்தன.

ஒரு மாணவியை அழைத்து, "சைக்கிளுக்கு என்னம்மா ஆயிற்று?" என்று கேட்டேன்.

"பஞ்சர் சார்."

"ஒட்டுவதற்குக் காசில்லையா?"

"காசு இருக்கு சார்."

"பிறகு என்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்திலிருந்த தோழிதான் விடை சொன்னாள்: "அந்தக் கடையில போயி எங்க சார் நிக்கிறது?"

நான் எதிர்பார்த்த விடைகளுள் இது இல்லை. சோம்பல் என்று நினைத்திருந்தேன். வறுமை என்று நினைத்திருந்தேன். பெற்றோரின் அசட்டை என்றும் நினைத்திருந்தேன். நிற்க இடமில்லை என்பதை நினைக்கவேயில்லை. அன்று மாலையே அந்தக் கடைக்குச் சென்றேன்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய சிறு கடை அது. முன்னால் சாக்கடை, அதன்மேல் ஆடுகின்ற ஒற்றைக் கல். கல்லைத் தாண்டினால் பெஞ்சு ஒன்று. அதில் நான்கைந்து ஆடவர்கள் பீடி புகைத்தபடி நாளிதழைப் பங்கிட்டுப் படித்துக்கொண்டிருந்தனர். உள்ளே ஒரே இருட்டு. அந்த இருட்டின் நடுவே கடைக்காரர் குந்தியிருந்து ஒரு சக்கரத்திற்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டிக்காரர், நேர்மையானவர், ஒருவரையும் கடிந்து பேசாதவர். பெஞ்சில் இருந்தவர்களும் தீயவர்கள் அல்லர். எனினும் பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி அங்கே சைக்கிளைப் பிடித்தபடி அரைமணி நேரம் நிற்பதென்றால், ஒன்று சாலையில் நிற்க வேண்டும், அல்லது அந்தப் பெஞ்சின் முன் நிற்க வேண்டும். வேறு இடமில்லை. கைத்திறன் இருந்தும், நாணயம் இருந்தும், ஒரு கடை வருவோரை வரவேற்காமல் இருக்கக்கூடும் என்பதை அன்று கண்டேன்.

வரவேற்பு என்பது என்ன? சந்தனமும் கற்கண்டும் வைப்பதா? "வாங்க, வாங்க" என்று வாயார அழைப்பதா? அவை நல்லவைதாம். ஆனால் கடைக்காரர் வாய் திறப்பதற்கு முன்பே கடையின் அமைப்பு ஒரு சொல்லைச் சொல்லிவிடுகின்றது. அது "வருக" என்றும் இருக்கலாம். "உனக்கு இங்கே இடமில்லை" என்றும் இருக்கலாம். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் எங்கள் பேராசிரியர், "கரும்பலகையில் எழுதியவுடன் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார், அங்கிருந்து தெரியாத எழுத்து எழுதாத எழுத்துக்குச் சமம்" என்பார். சைக்கிள் கடைக்கும் அதுவே விதி. கடைசிப் பெஞ்சில் இருப்பவர் யார் என்று முதலில் தேட வேண்டும். அவர் கண்ணால் கடையைப் பார்க்க வேண்டும்.

இவ்விதியைப் படிக்காமலேயே அறிந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். 1970ஆம் ஆண்டையொட்டி, நான் சிறுவனாக இருந்த காலத்தில், மதுரை மாசி வீதிகளுள் ஒன்றிலிருந்து பிரியும் சந்தில் அவர் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். இன்றைய இளைஞர்கள் வாடகைச் சைக்கிள் கடையைப் பார்த்திருக்க மாட்டார்கள். மட்கார்டில் எண் எழுதிய சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். பெயரையும் தெருவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, நேரம் குறித்து, மணிக்கு இவ்வளவு காசு என்று எடுத்துச் செல்லலாம். எங்களுக்கு மணிக்கு இருபத்தைந்து காசு. சொந்தச் சைக்கிள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பலரும் சைக்கிள் கற்றது அந்தச் சைக்கிள்களில்தான். பெரிய சைக்கிளில் சீட் எட்டாமல், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு.

அந்தக் கடையில் இரண்டு செய்திகள் என் மனத்தில் பதிந்தன. ஒன்று, கடிகாரம். மற்றக் கடைகளில் கடிகாரம் கடைக்காரருக்கு நேரே மாட்டியிருக்கும். இவர் தெருவைப் பார்த்து மாட்டியிருந்தார். சந்தைச் சுற்றி வரும்போதே எங்கள் நேரத்தை நாங்களே பார்த்துக்கொள்ளலாம். "பத்து நிமிடம் கூடிவிட்டது" என்ற சண்டை அந்தக் கடையில் எழுந்ததேயில்லை. மற்றொன்று, அவர் எங்களை அளந்து பார்த்தது. காசை நீட்டியவுடன் சைக்கிளைத் தரமாட்டார். முதலில் ஒரு சைக்கிளின் பக்கத்தில் நிறுத்துவார். இடுப்பு எங்கே வருகிறது என்று பார்ப்பார். பிறகு வேறொன்றை எடுத்து, சீட்டை இறக்கி முடுக்கிக் கொடுப்பார். இருபத்தைந்து காசுக்கு வந்த சிறுவனுக்கு அவர் செய்த மரியாதை அது.

இனி, சைக்கிள் கடைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம் வேண்டும் என்பதைச் சற்று விளக்குகிறேன். இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாகி, பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் இன்றைய வடிவம், 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் உருவாக்கிய ரோவர் சைக்கிளால் பரவியது. 1888இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவரான ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல்வீதியில் குலுங்காமல் ஓடும்பொருட்டுக் காற்றடைத்த டயரைச் செய்தார். காற்று வந்தது, அதனோடு பஞ்சரும் வந்தது, பஞ்சரோடு பழுது பார்க்கும் கடையும் வந்தது. வேறெந்தப் பொருளையும்விடச் சைக்கிள் தன் உரிமையாளரை அடிக்கடி கடைக்குத் திரும்ப அழைத்து வரும். ஆகவே சைக்கிள் கடை, ஒருநாள் வாங்கிப் போகும் கடையன்று, ஆண்டுக்கணக்கான உறவு. அமெரிக்காவில் டேட்டன் நகரத்து ரைட் சகோதரர்கள் 1892இல் திறந்ததும் இத்தகைய கடைதான். சைக்கிள் விற்றார்கள், பழுது பார்த்தார்கள், வாடகைக்கும் விட்டார்கள். அந்தத் தொழிலில் வந்த வருவாயையும் கைப்பழக்கத்தையும் கொண்டு அவர்கள் செய்த விமானம் 1903 டிசம்பர் 17ஆம் நாள் பறந்தபோது, அதன் விசிறிகளைச் சுழற்றியதும் சங்கிலியே.

நம் நாட்டிற்கு முதலில் இங்கிலாந்துச் சைக்கிள்களே வந்தன. 1949இல் முருகப்பா குழுமத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தாரும் கூடி டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் தொழிற்சாலை சென்னையை அடுத்த அம்பத்தூரில் எழுந்தது. 1956இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் தோன்றியது. இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து சைக்கிள் முழு உருவில் கடைக்கு வருவதில்லை. பெரும்பாலும் பகுதி பகுதியாக வருகின்றது. கடையில் இருக்கும் தொழிலாளிதான் அதை மாட்டிச் சைக்கிளாக்குகிறார். போக்ஸ் கம்பியின் இழுவை, கோன் முடுக்கம், பிரேக்கின் பிடி ஆகியவை அவர் கையில் உள்ளன. எனவே, தொழிற்சாலையில் பாதியும் கடையில் மீதியுமாகச் சைக்கிள் உருவாகின்றது என்று சொல்லலாம். வாங்குபவர் நம்ப வேண்டியது சட்டத்தில் ஒட்டிய முத்திரையை மட்டுமன்று, கடையையும்தான்.

அப்படியானால் நல்ல சைக்கிள் கடை எவ்வாறு அமைய வேண்டும்? வருபவர் நடந்துவரும் வழியிலேயே நாமும் நடந்து பார்ப்போம்.

முதலாவது, வாசல். மற்றக் கடைகளுக்கு மனிதன் மட்டும் வருகிறான். சைக்கிள் கடைக்கு மனிதனோடு ஏறத்தாழ இருபது கிலோ எடையுள்ள வண்டியும் வருகின்றது. பின்சக்கரம் ஓடாத வண்டியைத் தூக்கிக்கொண்டு சாக்கடையைத் தாண்டும் பெண்ணையும் முதியவரையும் நினைத்துப் பாருங்கள். சாக்கடையின் மேல் அகலமான பலகையோ சிமெண்டுச் சரிவோ இருந்தால், உருட்டியபடியே உள்ளே வரலாம். படி இருக்கும் கடை, தெரியாமலே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுகின்றது.

இரண்டாவது, காற்றடிக்கும் பம்பு. அது கடைக்கு உள்ளே இருத்தல் கூடாது; வாசலில், எவரும் கேட்காமலே எடுக்கும் இடத்தில் இருத்தல் வேண்டும். காற்று மட்டும் அடித்துக்கொள்ள வந்தவரை, "இவர் ஒன்றும் வாங்காதவர்" என்று எண்ணும் கடைக்காரர் தம் தொழிலை அறியாதவர். காற்றுக்காகப் பத்து முறை வந்தவர்தாம் பதினோராம் முறை டயர் மாற்ற வருவார். பம்பின் பக்கத்தில் கால் ஊன்றி நிற்கச் சமதரையும், கைதுடைக்க ஒரு துணியும் இருந்தால் போதும்.

மூன்றாவது, வெளிச்சம். வேலை செய்யும் இடம் வாசலுக்கு அருகில், வருபவர் கண்ணுக்கு நேரே இருத்தல் நன்று. பஞ்சர் ஒட்டுவதையே எடுத்துக்கொள்வோம். டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் பகுதி பகுதியாக அழுத்தும்போது, ஓட்டையிருக்கும் இடத்தில் குமிழி கிளம்புகிறது. அதைக் குறித்துக்கொண்டு, ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிச் சற்றே உலரவிட்டு ஒட்டுகிறார்கள். குமிழியை வாடிக்கையாளரும் பார்த்துவிட்டால், இரண்டு ஓட்டையா மூன்று ஓட்டையா என்ற ஐயத்துக்கே இடமில்லை. ஒட்டி முடித்தவுடன் வேலை முடிந்ததா? இல்லை. டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நம் வைகைச் சமவெளி முழுவதும் சீமைக்கருவேல முள். அது டயரில் தங்கியிருந்தால், ஒட்டிய டியூப் மறுநாளே மீண்டும் பஞ்சராகும். எனக்குத் தெரிந்த நல்ல தொழிலாளி ஒருவர், அந்த முள்ளைக் குறட்டால் பிடுங்கி வாடிக்கையாளரின் உள்ளங்கையில் வைத்துவிடுவார். ரசீதைவிட வலுவான சான்று அது.

நான்காவது, நேர்மையான சொல். மெல்லமெல்லக் காற்று இறங்குகிறது என்று ஒருவர் வந்தால், அது பஞ்சராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய முறை வால்வில் சிறிய ரப்பர்க் குழாய் ஒன்று உண்டு; வால்டியூப் என்பார்கள். உள்ளே செல்லும் காற்று அந்த ரப்பரைத் தள்ளிக்கொண்டு புகும். திரும்ப வர முயலும்போது ரப்பர் துளையை அடைத்துக்கொள்ளும். அது நைந்துபோனால் காற்று கசியும். வால்வின் வாயில் சிறிது நீரை வைத்துப் பார்த்தால் குமிழியே உண்மையைச் சொல்லிவிடும். சில்லறைக் காசில் தீரும் குறையைச் சில்லறைக் காசிலேயே தீர்த்து அனுப்பும் கடைதான், பெரிய வேலைக்கும் நம்பிக்கையுள்ள கடையாகும். பஞ்சர், பிரேக், கோட்டம் எடுத்தல், ஓவராயில் என்று வேலைகளின் பெயரையும் கூலியையும் பலகையில் எழுதி, தெருவிலிருந்தே படிக்கும்படி மாட்ட வேண்டும். கேட்கக் கூச்சப்படுபவருக்கு அந்தப் பலகை வாயாக அமையும்.

ஐந்தாவது, அளவு பார்த்தல். புதிதாக வாங்க வருபவரிடம் முதலில் நிறத்தையும் விலையையும் காட்டுவது வழக்கமாகிவிட்டது. முதலில் கேட்க வேண்டியது, "யாருக்கு, எவ்வளவு தூரம், என்ன பாரம்?" என்பதே. பிறகு சீட்டில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கி நிற்கும். இதைவிடத் தாழ்வான சீட் முழங்காலுக்கு நோவு தரும். உயர்ந்த சீட் இடுப்பை ஆட்டும். இந்தச் சிறு சோதனைக்கு இரண்டு நிமிடமும் பிடித்துக்கொள்ள ஒரு ஆளும், ஓட்டிப் பார்க்கக் கடையோரம் சிறிது இடமும் போதும். தந்தையோடு வந்த சிறுமியை நிறுத்திவிட்டுத் தந்தையின் கைக்கு எட்டும் வண்டியை விற்பது, மாணவனை விட்டுவிட்டு அவன் அப்பாவுக்குப் பாடம் நடத்துவது போன்றதாகும்.

ஆறாவது, நேரம். பால்காரர் விடியுமுன் கேன்களை இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு கிராமத்திலிருந்து புறப்படுகிறார். பூக்கட்டுக்காரர் மல்லிகை வாடுமுன் சந்தையை அடைய வேண்டும். பஞ்சாலைகள் நிறைந்திருந்த நாளில், சங்கு ஊதும் நேரத்திற்குள் வாயிலை அடையாத தொழிலாளிக்கு அன்றைய கூலி போயிற்று. இவர்களுக்கெல்லாம் சைக்கிள் பொழுதுபோக்கன்று, பிழைப்பு. ஒன்பது மணிக்குக் கடை திறந்து, "விட்டுவிட்டுப் போங்கள், நாளை பார்க்கலாம்" என்பவர் அவர்களுடைய ஒரு நாளை எடுத்துக்கொள்கிறார். மாலை ஐந்து மணி என்று சொன்னால் ஐந்து மணிக்குத் தர வேண்டும். இயலாதென்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். வேலை முடியும் வரை ஓட்டிச்செல்ல மாற்றுச் சைக்கிள் ஒன்று வைத்திருக்கும் கடைக்காரரை ஊரே மறக்காது.

கடைசியாக, நிற்கும் இடம். இதைக் கடைசியில் சொன்னாலும் எனக்கு இதுவே முதன்மையானது. பெஞ்சு, குடிதண்ணீர்ப் பானை, மேலே ஒரு நிழல், இவை போதும். ஆனால் அந்தப் பெஞ்சு வேலைக்கு வந்தவருக்கு உரியதாக இருத்தல் வேண்டும். ஊர்க்கதை பேசுவோருக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது.

பெண்கள் சைக்கிளை எவ்வளவு விரும்பினார்கள் என்பதை புதுக்கோட்டை மாவட்டம் காட்டியது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. பல்லாயிரக்கணக்கான கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியபோது ஒரு நுட்பமான செய்தியையும் குறித்தார். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை வாங்கியவர்களுள் சிலர், அதையே விரும்பத் தொடங்கினராம். முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா! யாருக்கு எது வேண்டும் என்பதை வாங்குபவரிடமே கேட்டறிய வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? பீகார் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய மாணவியர் சைக்கிள் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியல் அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் எண்ணிக்கை அதனால் 32 விழுக்காடு கூடியதாக 2017இல் வெளியிட்டனர். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பயன் மிகுதி. ஆனால் கொடுத்த சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தால் அல்லவா இந்தக் கணக்கெல்லாம்? அரசு சைக்கிளைக் கொடுக்கலாம். அதை ஓடவைப்பது மூலையில் இருக்கும் சிறு கடை.

இனி எங்கள் ஊர்க் கடைக்குத் திரும்புவோம். அன்று மாலை கடைக்காரரிடம் குற்றம் எதையும் சொல்லவில்லை. "தம்பி, நாளைக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை வாருங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். வந்தார். கொட்டகையில் கிடந்த பதினேழு சைக்கிள்களையும் காட்டினேன். அவர் ஒவ்வொரு டயரையும் அழுத்திப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு அந்தப் பெண் சொன்ன சொல்லை அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைக வராததைப் பாத்து, அதுகளுக்கு வேலை இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன் சார். வழி இல்லைன்னு தோணலையே" என்றார்.

அவர் செய்த மாற்றங்கள் பெரியவையல்ல. ஆடிய கல்லை எடுத்துவிட்டுச் சிமெண்டுச் சரிவு போட்டார். பெஞ்சைக் கடையின் பக்கவாட்டுக்கு நகர்த்தி, தென்னங்கீற்றால் நிழல் அமைத்தார். நாளிதழ் படிப்போரைப் பக்கத்து டீக்கடைக்கு அன்போடு அனுப்பிவைத்தார். வேலைக்கூலியை எழுதிய பலகையை எங்கள் ஓவிய ஆசிரியர் எழுதிக் கொடுத்தார். பள்ளி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கடையைத் திறந்தார். காலையில் விட்ட சைக்கிளை மாலை மணியடிப்பதற்குள் எடுத்துக்கொள்ளும்படி ஒவ்வொன்றுக்கும் தகர வில்லையில் எண் எழுதிக் கட்டினார். சனிக்கிழமை ஒன்றில் அவரே பள்ளிக்கு வந்து, வால்டியூப் மாற்றவும் சங்கிலி கழன்றால் மாட்டவும் மாணவியருக்குக் கற்றுக்கொடுத்தார். கடையில் வருமானம் குறையுமே என்று நான் கேட்டதற்குச் சிரித்தார். குறையவில்லை.

அடுத்த மாதத்தில் கொட்டகையின் சுவரோரம் இரண்டு சைக்கிள்கள் மட்டுமே இருந்தன. எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த இரண்டனுள் ஒன்று, நான் கேட்டறிவதற்கு முன்பே பள்ளியை விட்டு நின்றுவிட்ட ஒரு மாணவியினுடையது. "நடந்து போய் வர முடியவில்லை, வீட்டிலேயே இருக்கட்டும்" என்று பெற்றோர் முடிவு செய்துவிட்டனர். நானே இருமுறை அவ்வீட்டிற்குச் சென்று பேசியும் பயனில்லை. ஒரு முள்ளும், நிற்க இடமில்லாத ஒரு கடையும், காலத்தில் கேட்காத ஒரு தலைமையாசிரியனுமாகச் சேர்ந்து ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டோம். ஓய்வு பெற்ற பின்பும் அக்குறை என் மனத்தை விட்டு நீங்கவில்லை. இன்று இந்தப் பேச்சை நான் பேசுவதற்கும் அதுவே காரணம்.

இக்காலத்தில் வாடகைச் சைக்கிள் கடைகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. மோட்டார் சைக்கிள் பெருகியதால் பழுது பார்க்கும் சிறு கடைகளும் குறைந்து, மரத்தடியில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவரே சில ஊர்களில் எஞ்சியிருக்கிறார். மறுபக்கம் நகரங்களில் கண்ணாடிக் கதவும் குளிர்ச்சாதனமும் கொண்ட புதுக் கடைகள் தோன்றியிருக்கின்றன. அங்கே வெளிச்சம் உண்டு, ஒழுங்கு உண்டு, பெண்களும் குழந்தைகளும் தயங்காமல் நுழைகின்றனர். மகிழ்ச்சியே. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டி, சேற்றுக்காலோடு, பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் குடியானவர் அந்தக் கண்ணாடிக் கதவின் முன் தயங்கி நிற்பதையும் நான் கண்டிருக்கிறேன். அன்று அந்தப் பெண் கேட்ட கேள்வியை இன்று இவர் கேட்காமல் கேட்கிறார். இருட்டுக் கடையும் கண்ணாடிக் கடையும் வெவ்வேறு பேரை வெளியே நிறுத்துகின்றன, அவ்வளவே வேறுபாடு.

ஆகவே, சைக்கிள் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருநாள் கடையைப் பூட்டுவதற்கு முன்பு, பஞ்சரான சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு சாலைக்குச் சென்று, அங்கிருந்து உங்கள் கடைக்கு நீங்களே வாருங்கள். வாசலில் சக்கரம் தடுக்குகிறதா, கூலி எவ்வளவு என்று தெரிகிறதா, வேலை கண்ணில் படுகிறதா, வெயிலுக்கு ஒதுங்க முடிகிறதா என்று பாருங்கள். அதன்பின் உங்கள் மகள் அதே வழியில் தனியாக வருவதாக எண்ணிக்கொண்டு மற்றொரு முறை வாருங்கள். எங்கே நிற்பது என்னும் கேள்வி அப்போது உங்கள் மனத்தில் எழவில்லையானால், உங்கள் கடை நல்ல கடை. எழுமானால், அதைத் திருத்த ஒரு பலகையும் ஒரு பெஞ்சும் கொஞ்சம் மனமும் போதும்.